வராதவர்கள் உட்கார்ந்திருந்த முக்கால் ஜிபி

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு சிவப்பு இதயத்துக்குள் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஊட்டிக்கே போகாத தம்பதிகளின் முதுகுக்குப் பின்னால் ஊட்டி மலையையும் கடலையே பார்க்காதவர்களின் காலடியில் அலையையும் நாங்கள் கூச்சநாச்சமில்லாமல் ஒட்டிவைத்துக்கொண்டிருந்த காலத்தில், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில், தெய்வேந்திரன் அண்ணாச்சியின் ஸ்டுடியோ இருந்தது. அந்த ஸ்டுடியோவின் உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஊரில் நடந்த கல்யாணங்களுக்கு வராதவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. மணமேடையில் தாலி ஏறுவதற்குள் வீடியோ ஆளாளுக்குக் கைப்பேசியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒரு கல்யாண டிவிடி வந்தால் தெருவே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும். அண்ணாச்சி படம் எடுப்பார், நான் மிக்ஸிங் பார்ப்பேன், ஆவுடையம்மாள் அக்கா ஆல்பம் ஒட்டுவாள். பசை வாசனையும் சூடான கம்ப்யூட்டர் வாசனையும் கலந்த அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

முதலில் வந்து உட்கார்ந்தவர் குருவையா. மேட்டுத்தெருவில் அவருடைய அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது அவர் கால் ஒடிந்து மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார், காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். டிவிடியைப் போட்டுப் பார்த்தால், மூன்றாவது வரிசையில், கட்டு எதுவும் இல்லாத காலை ஆட்டிக்கொண்டு, பட்டுக்கரை வேட்டியில் மனுஷர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கோபப்பட்டார்கள். வந்த மனுஷர் வாசலில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடாமல் போயிருக்கிறாரே என்று பெண் வீட்டில் பெரிய மனத்தாங்கலாகிவிட்டது. அவர்களில் இரண்டு பேர் மதுரைக்கே பஸ் ஏறிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

"சாப்பிடாமப் போற அளவுக்கு நாங்க என்னய்யா குறை வச்சோம்?"

குருவையா தூக்கிக் கட்டிய காலோடு அவர்களைப் பார்த்தார். "மனசு பூரா அங்கதான் இருந்துச்சு. தாலி கட்டுற நேரம் பார்த்து இங்க கெடந்தே கை தட்டிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரு நர்ஸைக் கூப்பிட்டுட்டாரு" என்றார். டிவிடியிலும் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் அவர் கை தட்டியிருந்தார். வந்தவர்கள் சமாதானமாகி, கொண்டுவந்த லட்டை அவர் வாயில் வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் வந்தார்கள். கேமரா டேப்பில் இருக்கமாட்டார்கள். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டுச் சேர்த்து, இதயம் வைத்து, மிக்ஸிங் முடித்துப் பார்க்கும்போது காலியாய்க் கிடந்த நாற்காலிகளில் ஆள் இருக்கும். சூரத்தில் லீவு கிடைக்காதவன், பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தவள், துபாயில் பாலத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பேர் ஏறினால் எந்தக் கம்ப்யூட்டர் தாங்கும்? அது அடிக்கடி உறைந்து நின்றது, ஒரு பாட்டு ஏற்றுவதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அண்ணாச்சி கோவில்பட்டியிலிருந்து ஜெபராஜ் தம்பியை வரவழைத்தார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பிள்ளை, நிதானமாகப் பேசும்.

"நாலு ஜிபி ரேம், அதான் மெமரி, போட்டுருக்கீங்க அண்ணாச்சி. ஆனா கம்ப்யூட்டரை ஓட்டுற உங்க ஓ.எஸ். மூணே காலைத்தான் எடுத்துக்குது. மீதி முக்கால் ஜிபி சும்மா கிடக்கு. இந்தா, அதுவே சொல்லுது பாருங்க" என்று திரையைக் காட்டினான். நாலு என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், உபயோகத்தில் இருப்பது மூணே கால் என்று போட்டிருந்தது.

"நான் துட்டுக் கொடுத்து வாங்குனதுல்ல தம்பி, அது ஏன் எடுத்துக்க மாட்டேங்குது?"

"இது பழைய ஓ.எஸ்., முப்பத்திரண்டு பிட்டு. ஒரு தெருவுல இத்தனை வீட்டுக்குத்தான் கதவு நம்பர் போட அதுக்குத் தெரியும். அதுலயும் கொஞ்சம் நம்பரைப் படம் காட்டுற கார்டு அது இதுன்னு எடுத்துக்கிடுது. கடைசியில இருக்கிற வீடுகளுக்கு நம்பர் இல்ல. வீடு இருக்கு, ஆனா நம்பர் இல்லாத வீட்டுக்குத் தபால்காரன் எப்படிப் போவான்? அறுபத்துநாலு பிட்டு மாத்துனா எல்லா வீட்டுக்கும் போயிரலாம்."

அண்ணாச்சி அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் போக முடியாமல் பூட்டாமல் கிடக்கிற வீடுகளில், போக இடமில்லாதவர்கள் வந்து உட்காருவது அவருக்கு நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். "கிடக்கட்டும் தம்பி, மெதுவா மாத்திக்கிடலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஊர் சீக்கிரமே இதன் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டது. செத்தவர்கள் வருவதில்லை. எத்தனையோ பேர் அப்பாவுக்காக, பிள்ளைக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள், வரவில்லை, அழுதுவிட்டு விட்டுவிட்டார்கள். வர வேண்டும் என்று நெஞ்சார நினைத்தவர்கள்தான் வந்தார்கள், ஒப்புக்கு நினைத்தவர்கள் வரவில்லை. வருகிறவர்கள் இப்போதைய உருவத்தில் வருவதில்லை, தங்களைத் தாங்களே எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அப்படி வருவார்கள், அதனால் வழுக்கைகளும் தொப்பைகளும் டிவிடியில் குறைவு. இன்னொன்று: மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், பந்தியைக் காட்டும்போது ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். மனசு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், இலை முன்னால் உட்கார உடம்பு வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் என்ன, கல்யாணம் முடிந்த மறுவாரம் ஸ்டுடியோவின் போன் ஓயாது. அபுதாபியிலிருந்து கூப்பிட்டு, "அண்ணாச்சி, தங்கச்சி கல்யாணத்துல நான் தெரியுறேனா?" என்பார்கள். தெரிகிறாய் என்றால் அங்கே ஒரு விம்மல் கேட்கும். தெரியவில்லை என்றால், நல்லாப் பாருங்க, தூண் மறைக்குதா பாருங்க என்று கெஞ்சுவார்கள். லீவு தரவில்லை என்று கதை விட்ட மச்சினன்கள் மாட்டிக்கொண்டார்கள். பத்திரிகையில் பேர் போடவில்லை என்று முறுக்கிக்கொண்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பெரியப்பா, டிவிடியில் முதல் வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்தக் குடும்பமே அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. ஒரு கல்யாணத்தில், யாருக்கும் தெரியக் கூடாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பையன், கடைசி வரிசையில் உட்கார்ந்து மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவர் வேர்த்து விறுவிறுத்து வந்து வெட்டச் சொன்னார். எந்தப் பக்கம் வெட்டினாலும் அவன் இருந்தான். கடைசியில் அவன்மேல் ஒரு பெரிய சிவப்பு இதயத்தை வைத்து மறைத்தேன். இது இன்னும் மோசம் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இப்படி ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில்தான் கோமதிநாயகம் வந்தான்.

ஆவுடையம்மாள் அக்காவின் ஒரே தம்பி அவன். அக்காவுக்குக் கல்யாணமான அன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வரிசையில் சாப்பிட உட்கார, அவன் எதிர்வரிசையில் உட்கார்ந்தான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு விழுந்து, பருப்பு ஊற்றி, அவன் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா யாரோ ஒரு மேனேஜரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இடமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நீ வீட்டு ஆளுதான, அடுத்த பந்தியில உக்காரேன்" என்று அவனை எழுப்பிவிட்டார். பருப்புச் சோறு அப்பிய கையோடு அவன் எழுந்தான். ஒரு தடவை அக்காவைப் பார்த்தான். கழுத்தில் புதுத் தாலி, பக்கத்தில் புது மாப்பிள்ளை, சுற்றிப் புது மனிதர்கள், எப்படி வாய் திறப்பது என்று தெரியாமல் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நிமிர்ந்தபோது அங்கே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தம்பி மண்டபத்தில் இல்லை, ஊரில் இல்லை, அதற்குப் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் இல்லை. ஹூப்ளியில் முறுக்குக் கடை வைத்திருக்கிறான் என்று தீப்பெட்டி லோடு ஏற்றிப்போகிற லாரி டிரைவர்கள் சொல்வார்கள். யார் போய்ப் பேசினாலும் வயிறாரச் சாப்பாடு போட்டு, பேச்சுக் கொடுக்காமல் அனுப்பிவிடுவான்.

திரையில் அவன் அன்றைக்குப் போட்டிருந்த வெளிர்நீலச் சட்டையிலேயே இருந்தான், அன்றைக்கு இருந்த வயசிலேயே இருந்தான். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மட்டும் மடியில் வைக்காமல், விரல்களைக் குவித்து, சட்டையில் பட்டுவிடாமல் தள்ளிப் பிடித்திருந்தான். அக்கா பசைக்கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா."

நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மெலியல" என்றாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். "இன்னும் கையக் கழுவாம இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய் ஆல்பத்தின் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதிலிருந்து எங்கள் வகையறாவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், நான் மிக்ஸிங் முடித்ததும் அக்காவைத்தான் முதலில் கூப்பிடுவேன். அவன் வந்திருப்பான். அதே சட்டை, அதே நாற்காலி, அதே கை. அக்கா பார்ப்பாள், நல்லாத்தான் இருக்கான் என்பாள், போய்விடுவாள். அவள் மகள் சங்கரி வளர்ந்து, டீச்சர் படிப்பு முடித்து, கல்யாணம் கூடிவருகிற காலம் வந்தது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணமேடைக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. டிவிடிக்குள் உட்கார்ந்திருக்கிறவனால் மாலை போட முடியாது. அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான், ஆனால் அது ஆளைத் தின்றுகொண்டிருந்தது.

இதற்குள் ஊரில் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. எப்படியும் டிவிடியில் தெரியப்போகிறோம், எதற்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, பட்டுச்சேலையைக் கசக்கி, என்று ஆட்கள் நினைக்கத் தொடங்கினார்கள். முதலில் தூரத்தில் இருந்தவர்கள் நின்றார்கள், பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் நின்றார்கள், கடைசியில் மண்டபத்துக்கு எதிர்வீட்டுக்காரர்களே ஈசிச்சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மனசை மட்டும் அனுப்பிவைத்தார்கள். மண்டபம் வெறிச்சோடியது, டிவிடி நிரம்பி வழிந்தது. வாய்க்கால்தெருக் கல்யாணம் ஒன்றில் மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார் இல்லை. அவள் சென்னையில் இருந்துகொண்டு, நான்தான் தெரிவேன்ல என்று சொல்லிவிட்டாளாம். டிவிடியில் தெரிந்தாள், மணமேடையிலேயே நின்றாள், ஆனால் தாலிக்கயிற்றில் இரண்டு முடிச்சுதான் இருந்தது. மூன்றாவதைச் சமையல்கட்டிலிருந்து யாரோ ஓடிவந்து போட்டார்கள்.

அடுத்த நாள் சமையல்காரர் சுடலைமுத்து, நாதஸ்வரக்காரரையும் மண்டபக்காரரையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். அவர்தான் பேசினார்.

"அண்ணாச்சி, ஆயிரம் இலைக்குச் சமைக்கச் சொல்றாக. முந்நூறு இலைகூட விழல. மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைக்கேன். டிவிடிக்குள்ள போயி நான் சாம்பார் ஊத்த முடியுமா, சொல்லுங்க."

"நான் என்னய்யா செய்ய?"

"சும்மா கிடக்கிற இடத்தைச் சரிபண்ணச் சொல்லுங்க. அந்தப் பையன்தான் பண்ணலாம்னு சொன்னானாமே."

ராஜபாளையத்திலிருந்தெல்லாம் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஆள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அண்ணாச்சி அதைச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. சுவரோரம் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த முதுகைக் காட்டி, "ஆவுடை என்ன சொல்றாளோ அதான்" என்றார். வந்தவர்களுக்கும் விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும், அவள் தம்பியைப் பார்க்கிற ஒரே இடம் அதுதான் என்று. சுடலைமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "நீ சம்மதிக்காட்டாலும் குத்தமில்லத்தா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அக்கா கையிலிருந்த ஆல்பத்தை ஒட்டி முடித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் தானாகவே என்னிடம் வந்து, கடைசியாக அவன் வந்த கல்யாணத்தை ஒரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். வெளிர்நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவனுக்கு இங்க ஒரு நாற்காலி கிடைச்சுப்போச்சு தம்பி. வந்து உக்காந்து, எல்லாரையும் பார்த்துட்டு, எந்திரிச்சுப் போயிருதான். யாரும் எழுப்புறதில்ல, யாரும் கூப்பிடுறதும் இல்ல. இந்த இடம் இருக்கிற வரைக்கும் அவன் வீட்டுக்கு வரமாட்டான்."

"சரிபண்ணிட்டும் வரலேன்னா என்னக்கா செய்வீங்க?"

"அதான் பயமா இருக்கு" என்றாள். "ஜெபராஜ வரச்சொல்லு."

ஜெபராஜ் வந்தான். எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் ஏற்றி வைத்துவிட்டு, பழைய ஓ.எஸ்ஸை எடுத்துவிட்டு அறுபத்துநாலு பிட்டைப் போட்டான். அன்றைக்கு அறையில் நிற்க இடமில்லை, சுடலைமுத்து கரண்டியோடு வந்து நின்றார், குருவையா கம்பை ஊன்றிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி எழுந்து, புதுத் திரையைக் காட்டியது. ஜெபராஜ் உள்ளே போய்ப் பார்த்தான். நாலு என்று இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறியும் இருந்தது. உள்ளே அதே மூணே கால்.

அந்த அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்ததை நான் கேட்டேன். சாம்பாரைக் குழியில் கொட்டிய சுடலைமுத்துகூட நிம்மதியாகத்தான் தெரிந்தார். "சரி விடு தம்பி, அது மாட்டேங்குது, நாம என்ன செய்ய" என்று அண்ணாச்சி பேச்சை முடிக்கப் பார்த்தார். ஜெபராஜும் பையை மூடப்போனான்.

"இன்னும் என்னமோ பாக்கி இருக்கு" என்றாள் அக்கா. "நல்லாப் பாருங்க தம்பி."

"அக்கா, பரவால்லக்கா…"

"பாருங்க."

அவன் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போடும்போதே ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, ஓ.எஸ். எழுவதற்கு முன்னால் வருகிற நீலத் திரைக்குள் போனான். படமில்லாத, வெறும் எழுத்தாக இருக்கிற இடம். வரிவரியாக இறங்கிக்கொண்டே போனான். "ஆமாக்கா, இருக்கு" என்றான். மெமரியை மறுபடி அடுக்கிக்கொள்ளவா என்று மெஷின் கேட்கிற ஒரு வரி, ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றே இருந்திருக்கிறது. ஓ.எஸ்ஸுக்கு எல்லா வீட்டுக்கும் போகத் தெரிந்தாலும், இது திறந்துவிட்டால்தான் தெரு திறக்கும் என்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் வேண்டாம் என்றிருந்ததை வேண்டும் என்று ஆக்கினான்.

கம்ப்யூட்டர் எழுந்தது. நாலு ஜிபி என்று இருந்தது, அடைப்புக்குறி இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு எதுவும் ஓடவில்லை, ஆனாலும் சத்தம் வந்தது, இரும்பு நாற்காலிகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம், கல்யாணம் முடிந்து சாயங்காலம் மண்டபத்தில் கேட்குமே, அந்தச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பறந்தது, ஒரு பாட்டு ஏற்றுவதற்குள் டீ குடிக்க மாடிப்படியில்கூட இறங்க முடியாது. யாரும் சந்தோஷப்படவில்லை.

ஊரில் இருந்த பழைய டிவிடிகளிலும் அவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு போட்டுப் பார்த்தார்கள், நேரில் வந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்தக் கடைசி வரிசைப் பையனும் போய்விட்டான், நான் வைத்த சிவப்பு இதயம் மட்டும் வெறும் நாற்காலியை மறைத்தபடி நின்றது. ஆவுடையம்மாள் அக்கா எந்த டிவிடியையும் போடச் சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, நான் தெரியுறேனா?"

"யாருமே தெரியல தம்பி."

"அப்ப நேர்லதான் வரணுமா?"

"நேர்லதான் வரணும்."

கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கினார்கள். வழுக்கையோடும் தொப்பையோடும், கசங்கிய பட்டுச்சேலையோடும், பஸ் புழுதியோடும் வந்தார்கள். குருவையா கம்பை ஊன்றி வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். சுடலைமுத்து, இலை பத்தலை என்று வாழைத்தோப்புக்கு ஆள் விட்டதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆவணியில் சங்கரிக்குக் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு அவன் பேர்தான் போட்டார்கள். ஒரு லாரி டிரைவர் அதை ஹூப்ளிக்குக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தார். அவன் அவருக்கு வயிறாரச் சாப்பாடு போட்டான், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதைக் கேட்ட அக்கா மாமன் மாலைக்குப் பூக்காரரிடம் சொல்லிவைத்தாள்.

அந்தக் கல்யாணத்து டிவிடி இன்னும் என்னிடம் இருக்கிறது. மண்டபம் கொள்ளாத கூட்டம், தூண் ஓரமெல்லாம் ஆள். மாமன் மாலை தாம்பாளத்தில் இருக்கிறது, ஐயர் நிமிர்ந்து தாய்மாமன் யாரு என்று கேட்கிறார், சொந்தத்தில் யார் யாரோ முன்னால் வருகிறார்கள், அக்கா எல்லோரையும் கையமர்த்தி, "வருவான், மாலை இருக்கட்டும்" என்கிறாள். மாமன் மாலை இல்லாமலே சங்கரி மேடையேறுகிறாள். கெட்டிமேளம் கொட்டுகிறது, நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போடுகிறாள். பந்தி, பந்தி, மறுபடியும் பந்தி. கடைசியில் இரண்டு புறாக்கள் அலகில் நன்றி என்ற எழுத்தைத் தூக்கிக்கொண்டு பறந்துவருகின்றன. டிவிடி அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை.

நான் லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, தெருவுக்கு அந்தப்பக்கம், வாழைமரம் கட்டிய வாசலைப் பார்த்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். காதோரம் நரைத்து, வெயிலில் கறுத்து, அடுப்புச் சூட்டில் புருவம் பொசுங்கிய முகம். தோளில் ஒரு ரெக்சின் பை. எனக்கு அந்த முகத்தைத் தெரியாது. ஆனால் வலது கையை உடம்பில் படாமல், விரல்களைக் குவித்துத் தள்ளிப் பிடித்திருந்தார். அந்தக் கையை எத்தனை கல்யாணத்தில் நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

"பந்தி முடிஞ்சிருச்சாண்ணே?" என்றார்.

உள்ளே அண்டா கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இல்ல, இன்னும் ஒரு பந்தி இருக்கு. வாங்க" என்று கூட்டிப்போனேன்.

சாப்பாட்டுக்கூடத்தில் பேப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய வெற்றிலையை எண்ணாமல் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவரவில்லை, அழவில்லை, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. சுடலைமுத்து பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஒரு இலை போடணும்."

"எல்லாம் ஒழிஞ்சுபோச்சேத்தா. சாம்பார் இல்ல, கூட்டு இல்ல. ரசம் இருக்கு, மோரு இருக்கு. பருப்பு அடியில கொஞ்சம் கிடக்கு."

"பருப்பு இருக்குல்ல. அது போதும்."

அக்காவின் வீட்டுக்காரர் வேலுச்சாமி, தன் பெரியப்பா செய்த காரியத்துக்காக இத்தனை வருஷம் வீட்டில் குரலை உயர்த்திப் பேசாத மனுஷர், தானே போய் இலையை எடுத்துவந்து போட்டு, தானே தண்ணீர் தெளித்து, "உக்காருங்க மச்சான்" என்றார். அவன் பையைக் கீழே வைத்தான். நாற்காலியைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான், உட்கார்ந்தான். அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பேப்பர் சுருட்டியவர்கள் சுருட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அவன் பிசையாமல் இருந்தான்.

"முன்னயெல்லாம் கடையில கண்ணை மூடுனா மண்டபம் தெரியும்க்கா" என்றான். "எல்லாரையும் பார்த்துருவேன். கொஞ்ச நாளா மூடுனா ஒண்ணுமே தெரியல. வெறும் இருட்டு."

"அங்க இடமில்லடா. நான்தான் இல்லாமப் பண்ணச் சொன்னேன்."

அவன் பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைய ஆரம்பித்தான். தெய்வேந்திரன் அண்ணாச்சி என் பக்கத்தில் சத்தமில்லாமல் கேமராப் பையின் ஜிப்பை இழுத்தார். அக்கா திரும்பாமலே சொன்னாள்.

"படம் வேண்டாம் அண்ணாச்சி. அவன் சாப்பிடட்டும்."

அவன் சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், மோரைக் கையில் வாங்கிக் குடித்தான், அவசரப்படவே இல்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. அக்கா அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்தான், அவனே மடித்தான், அப்புறம்தான் அவள் எழுந்தாள். எழுந்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கையக் கழுவிட்டு வா. பிள்ளைக்கு மாலை போடணும்."